புற்றுநோய் வந்த வீடும் அடுத்த வீடும்

(தாம்பரம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் நடந்த தம்பதியர் கூட்டங்களில் பேசியது)

 

குடும்ப நலக் கூட்டம் என்றால் கருத்தடையைப் பற்றித்தான் பேசுவார்கள், அது பெண்டுகள் சமாசாரம் என்று பின்வரிசையில் இருக்கும் ஆண்கள் சிலர் மெதுவாக எழுந்து டீக்கடைப் பக்கம் போய்விடுவது வழக்கம். இன்றைக்கு யாரும் எழுந்து போக வேண்டாம். இன்றைய பேச்சில் உங்களுக்குத்தான் வேலை அதிகம்.

நான் பேச வந்தது புற்றுநோயைப் பற்றி. அந்தப் பேரைச் சொன்னதுமே, "விளக்கு வைக்கிற நேரத்திலே என்ன பேச்சும்மா இது" என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பாட்டிமார் உண்டு. பேரைச் சொல்ல மாட்டோம். 'அந்த வியாதி' என்போம், 'பெரிய வியாதி' என்போம். யாராவது இறந்துபோனால், "வயித்து வலின்னாங்க, போயிட்டாங்க" என்று முடித்துக்கொள்வோம். பெண் கொடுக்கல் வாங்கலில் பேச்சு வருமே என்ற பயம். இதனால் என்ன ஆகிறது? ஒரு வீட்டில் நடந்தது என்னவென்று அடுத்த வீட்டுக்குத் தெரியாமலே போகிறது. நாலைந்து வருஷம் கழித்து அடுத்த வீட்டிலும் அதுவே நடக்கிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு வேலிதான்.

ஒரு நோயின் பேரை வாய்விட்டுச் சொல்வதால் என்ன மாறும் என்று கேட்கலாம். நம் பக்கத்துக்காரர்களுக்கு அதைப் புரியவைப்பது சுலபம். குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் உள்ள ரயில் நிலையத்துக்குப் பேரே 'தாம்பரம் சானடோரியம்'. 1928ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சௌரி முத்து என்பவர் காசநோயாளிகளுக்காக இங்கே தொடங்கிய ஆஸ்பத்திரியால் வந்த பேர் அது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சாவு என்றே அர்த்தம். அதற்கென்று மருந்து கிடையாது; நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, இவ்வளவுதான் வைத்தியம். சானடோரியத்தில் இருந்து வந்தவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் தயங்குவார்கள். பிறகு மருந்து வந்தது. இன்று ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலோருக்குக் குணமாகிவிடுகிறது. தினமும் காலையில் நம் ஜனங்கள், "சானடோரியம் ஒண்ணு குடுங்க" என்று டிக்கெட் வாங்குகிறார்கள்; யாருக்கும் நாக்கு கூசுவதில்லை. மருந்து மட்டுமே இந்த மாறுதலைக் கொண்டுவந்துவிடவில்லை. குணமாகி ஊர் திரும்பியவர்கள், "நானும் அங்கே படுத்துக் கிடந்தவன்தாம்பா" என்று வாய் திறந்து சொன்னார்களே, அதுவும் சேர்ந்துதான் கொண்டுவந்தது.

புற்றுநோயின் விஷயத்தில் அப்படி வாய் திறந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். பேர் உங்களுக்குத் தெரியாததல்ல. பிரசவத்துக்குச் சர்க்கார் கொடுக்கும் உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுதினீர்களே, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் என்று, அதே அம்மாதான். "அவங்க யாரோ பெரிய மனுஷி" என்ற அளவோடு நாம் விட்டுவிட்டோம்.

1886ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதே அபூர்வமாயிருந்த நாளில், 1907ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912ல் டாக்டராக வெளியே வந்தார். 1914ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்துகொண்டார். சம்மதம் சொல்வதற்கு முன்பு அவர் ஒரு நிபந்தனை போட்டார்: தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தான் செய்ய நினைப்பதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது. அவரும் ஒப்புக்கொண்டார். கணவன்மார்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

முத்துலட்சுமி அம்மையாருக்கு ஒரு தங்கை இருந்தார். 1920களின் தொடக்கத்தில் அந்தத் தங்கை சின்ன வயதிலேயே புற்றுநோய் கண்டு இறந்துபோனார். கூடப் பிறந்தவளே டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அன்றைக்கு நம் ஊரில் அந்த நோய்க்கென்று ஒரு தனி ஆஸ்பத்திரி கிடையாது. அந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? படத்தை மாட்டிப் பொட்டு வைப்போம், வருஷா வருஷம் படையல் போடுவோம். அதில் தப்பில்லை. அம்மையார் அதோடு நிற்கவில்லை. 1920களின் நடுவில் மேல்படிப்புக்காக இங்கிலாந்து போனபோது, புற்றுநோய்க்கென்றே தனி ஆஸ்பத்திரி நடப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். நம் ஊரிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று 1935ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் பகிரங்கமாகக் கேட்டார். கேட்டவுடன் யாரும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் சாகத்தானே போகிறார்கள், அவர்களுக்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்ற எண்ணம் அதிகாரத்தில் இருந்தவர்களிடமே இருந்ததாக, பிற்காலத்தில் டாக்டர் சாந்தா அம்மையார் சொல்லியிருக்கிறார்.

அம்மையார் விடவில்லை. 1917ல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கத்தில் அவருக்கு நெருங்கிய தொடர்பு உண்டு. அந்தச் சங்கத்தின் பேரிலேயே 1949ல் ஒரு புற்றுநோய் நிவாரண நிதி ஏற்பட்டது. 1952ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் மாதம் 18ஆம் தேதி 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அம்மையாருக்கு அப்போது 68 வயது ஆவதற்கு ஒரு மாதம் சொச்சம். தங்கை போய் முப்பது வருஷம்! முப்பது வருஷம் ஒரு துக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு அழுதவர்கள் நிறையப் பேர். அதை வைத்துக்கொண்டு வேலை செய்தவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அந்த ஆஸ்பத்திரியில் ஆரம்பம் முதல் பணி செய்தார். 1955ல் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். கைக்கு வந்த சர்க்கார் ஆஸ்பத்திரி உத்தியோகத்தை வேண்டாமென்று விட்டுவிட்டு வந்தவர். கடைசி வரை ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடியிருந்து, 2021 ஜனவரியில் தம்முடைய 93ஆம் வயதில் காலமானார். இன்று தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கிண்டியில் இறங்கி ஒரு பஸ் பிடித்தால் அந்த ஆஸ்பத்திரி. இன்னொரு பக்கம், காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பேரில் அரசு புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. அண்ணா 1969 பிப்ரவரி 3ஆம் தேதி உணவுக்குழாய்ப் புற்றுநோயால் காலமானவர் என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு வீட்டுத் துக்கம் ஒரு ஆஸ்பத்திரியானது. ஒரு நாட்டுத் துக்கம் இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் பேராயிற்று.

ஆகவே, ஆஸ்பத்திரி கட்டும் வேலை நமக்கு இல்லை. முன்னோர்கள் கட்டி வைத்துவிட்டார்கள். நமக்கு இருப்பது வேறு வேலை. ஜனங்கள் நேரத்தோடு அங்கே போவதில்லை. அவர்களைப் போகவைக்க வேண்டும்.

இதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். நம்முடைய திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கி ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. முப்பது வயதிலிருந்து ஐம்பத்தொன்பது வயது வரையுள்ள கிராமத்துப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயைப் பார்த்துச் செய்யும் பரிசோதனை ஒன்றைச் செய்தார்கள். செய்தவர்கள் பெரிய டாக்டர்கள் அல்ல. பயிற்சி பெற்ற நர்ஸ்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு தடவைதான். கோளாறு தெரிந்தவர்களுக்கு உடனே சிகிச்சை. பரிசோதனைக்கு அழைக்கப்படாத ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் ஏற்படும் சாவு 100க்கு 35 என்ற கணக்கில் குறைந்திருந்தது. 2007ல் அந்த முடிவு வெளியாகி உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனால் அதே கணக்கில் இன்னொரு எண் இருக்கிறது. என் மனதை அறுப்பது அதுதான். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்கள் சுமார் 49,000 பேர். வந்தவர்கள் சுமார் 31,000 பேர். மற்ற 18,000 பேர் வரவில்லை. பணம் கேட்கவில்லை, ஊருக்கு அருகிலேயே ஏற்பாடு, இருந்தும் வரவில்லை. நம் ஊர் முகாமிலும் அதே கதைதான். பேர் எழுதுவோம், சீட்டுக் கொடுப்போம், "வரேங்க, வரேங்க" என்பார்கள். அன்றைக்குப் பார்த்தால் ஒருவர் வீட்டில் விருந்தாளி, ஒருவருக்கு மாட்டுக்குப் புல் அறுக்க வேண்டும், ஒருவர் "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே" என்பார்.

ஒன்றும் இல்லாதபோது வருவதற்குத்தான் இந்தப் பரிசோதனை! இந்த நோயின் நடப்பைக் கேளுங்கள். கர்ப்பப்பையின் வாயில் வரும் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி. என்னும் ஒரு வைரஸ் கிருமி. இது தாம்பத்திய உறவின் வழியாகப் பரவுகிறது. வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் அது தங்கிவிடுகிறது. தங்கிய இடத்தில் சதை மெல்ல மெல்ல மாறுகிறது. அந்த மாறுதல் புற்றுநோயாக முற்றுவதற்குப் பத்து வருஷம், பதினைந்து வருஷம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். புற்று என்ற பேர் இந்த நோய்க்கு எவ்வளவு பொருத்தம் பாருங்கள். கரையான் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும். மண் மேலே எழும்பும்வரை நமக்குத் தெரியாது. அத்தனை வருஷமும் நமக்குக் கிடைத்த அவகாசம். அந்த அவகாசத்தில் பார்த்துவிட்டால், உறைய வைத்தோ சூடு வைத்தோ அந்த இடத்தை மட்டும் அழித்துவிடலாம். பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம்.

பரிசோதனை எப்படி என்று கேட்கக் கூச்சப்படுகிறீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். திரை போட்ட அறையில் நர்ஸம்மா ஒருவர் இருப்பார். பிரசவத்துக்குப் பார்த்தது போலப் படுக்க வைத்து, ஒரு சின்னக் கருவியால் விலக்கிப் பார்ப்பார். ஊறுகாயில் ஊற்றும் வினிகரைப் போன்ற ஒரு திரவத்தைப் பஞ்சால் தொட்டு வைப்பார். ஒரு நிமிஷம் காத்திருப்பார். கெட்டுப்போகத் தொடங்கிய இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியும். அவ்வளவுதான். கத்தி கிடையாது, மயக்க ஊசி கிடையாது. பெரிய வலியும் இல்லை. கொஞ்சம் எரிச்சல் இருக்கலாம். மாதவிலக்கு நாளாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். வெள்ளை தெரிந்தால் உடனே 'புற்றுநோய் வந்துவிட்டது' என்று ஒப்பாரி வைக்க வேண்டாம். அடுத்தபடியாகப் பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு தடவை உற்றுப் பார்க்க வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம்.

முப்பது வயதில் தொடங்க வேண்டிய பரிசோதனை இது. நம் பெண்கள் சுகாதார நிலையத்துக்கு வருவதை நிறுத்துவதும் அந்த வயதில்தான். இரண்டு பிள்ளை பிறந்தாயிற்று, ஆபரேஷனும் ஆயிற்று, இனி அங்கே என்ன வேலை? பிள்ளை பெறும்வரை மாதம் தவறாமல் எடை பார்த்து, ரத்தம் பார்த்து, ஊசி போட்டுக்கொண்ட அதே பெண், பிறகு பத்து வருஷம் அந்த வாசல் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பிள்ளை பெறுவதற்கு மட்டுமா அந்த உடம்பு?

கருத்தடை ஆபரேஷனால்தான் புற்றுநோய் வருகிறது, காப்பர்-டி போட்டதால்தான் வந்தது என்று ஒரு வதந்தி ஊருக்கு ஊர் உலாவுகிறது. அது பொய். இரண்டினாலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருவதில்லை. ஆபரேஷன் ஆன வயதும் நோய் தலைகாட்டும் வயதும் பக்கத்தில் பக்கத்தில் வருவதால் ஒன்றை ஒன்று காரணமாக்கிவிடுகிறோம். இதற்கு நேர்மாறாக, வெள்ளைப்படுகிறது என்று பயந்து, 'எதற்கு வம்பு' என்று கர்ப்பப்பையையே எடுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். பல்வலிக்குத் தாடையை வெட்டுவதா? பரிசோதித்துப் பார்த்து, அவசியம் என்று டாக்டர் காரணம் சொன்னால் மட்டுமே அந்த ஆபரேஷன்.

இப்போது கணவன்மார்களுக்கு வருகிறேன். கிருமி உறவின் மூலம் பரவுகிறது என்று சொன்னேன் அல்லவா? உடனே மனைவியைச் சந்தேகமாகப் பார்ப்பதோ, மனைவி கணவனைச் சந்தேகமாகப் பார்ப்பதோ வேண்டாம். மணவாழ்க்கையில் உள்ள ஆண், பெண் பெரும்பாலோருக்கும் ஆயுளில் ஒரு தடவையாவது இந்தக் கிருமி வந்து போகிறது. எப்போது வந்தது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. நோய் வந்த பெண் ஒழுக்கம் கெட்டவள் என்ற பேச்சு பாவம் மட்டுமல்ல, அறியாமையும் கூட. அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் எத்தனையோ பெண்கள் வாயை மூடிக்கொண்டு சாகிறார்கள். நிரோத் உபயோகிப்பது இந்தக் கிருமியின் ஆபத்தை ஓரளவு குறைக்கும், முழுதும் தடுக்காது. பெண்பிள்ளை இருக்கிறவர்கள் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள் போட்டால் நல்ல பலன் தரும் தடுப்பூசி இந்தக் கிருமிக்கு இருக்கிறது. சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். ஊசி போட்ட பெண்ணும் வளர்ந்தபின் பரிசோதனைக்கு வரத்தான் வேண்டும்.

முத்துலட்சுமி அம்மையார் போட்ட நிபந்தனையை ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அது இங்கேதான் தேவைப்படுகிறது. உங்கள் வீட்டுக்காரி பரிசோதனைக்குப் போகிறேன் என்றால் குறுக்கே நிற்காதீர்கள். அதற்கு மேலும் ஒரு படி போய், "நானும் வரேன், கிளம்பு" என்று சொல்லுங்கள்.

ஒரு ஏரிக்கரை ஊரில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒருவர் இருக்கிறார். பேர் வேண்டாம். மனைவி கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்துபோனார். காரியம் முடிந்து சில மாதம் கழித்து, ஒரு முகாமில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர், நான் பேசி முடித்ததும் எழுந்தார். "நாம சேர்ந்தா அப்புறம் ரத்தம் படுதுன்னு அவ எங்கிட்ட ஒருதரம் சொன்னாம்மா. உடம்புச் சூடு, மோர் குடின்னு சொன்னேன். அப்புறம் அவ சொல்லவே இல்லை" என்றார். சபை அப்படியே அடங்கிப்போயிற்று. நான் ஒரு மணி நேரம் படம் காட்டிப் பேசியது ஒரு பக்கம், அவர் சொன்ன அந்த நாலு வார்த்தை ஒரு பக்கம். அடுத்த முகாம் நாளில் அவர் ஆட்டோவிலேயே பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். காசு வாங்கவில்லை. அதைவிடப் பெரிசு, டீக்கடையில் ஆண்களிடம் பேசினார். அந்தப் பேச்சை என்னைப் போன்றவர்கள் பேச முடியாது. சம்பளத்துக்குப் பேசுகிறோம் என்று ஊர் நினைக்கும். இழந்தவன் பேசினால் ஊர் எதிர்ப்பேச்சுப் பேசாது.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களிலும் தாயை, தகப்பனை, கட்டியவளை, கட்டியவனை இந்த நோய்க்குக் கொடுத்தவர்கள் இருப்பீர்கள். உங்களை மேடை ஏறச் சொல்லவில்லை. வாசலில் உட்கார்ந்து பேசுகிற பேச்சிலேயே சொல்லலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கடைசி நாளில் பட்ட அவஸ்தையை விவரிக்காதீர்கள். அதைக் கேட்டவர்கள் பயந்துபோய் இன்னும் ஒளிந்துகொள்வார்கள். முதல் நாள் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். முதலில் என்ன தெரிந்தது, அதற்கு என்ன செய்தோம், எத்தனை மாதம் தள்ளிப்போட்டோம். கேட்பவருக்கு உதவுவது அதுதான்.

முதலில் தெரிவது என்ன? கர்ப்பப்பை வாயில் என்றால், உறவுக்குப் பின் ரத்தம் படுவது, இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் படுவது, விலக்கு நின்றுபோன அம்மாக்களுக்கு மறுபடி ரத்தம் காண்பது, நாற்றத்தோடு வெள்ளைப்படுவது. மார்பகத்தில் என்றால் கட்டி. பெரும்பாலும் வலிக்காது, வலிக்காததால்தான் விட்டுவிடுகிறோம். தோல் குழிவதும், காம்பு உள்ளே இழுத்துக்கொள்வதும், காம்பில் ரத்தம் கசிவதும் உண்டு. எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல, பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகள்தான். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். சென்னையில் 1982 முதல் புற்றுநோய்க் கணக்கு எழுதி வருகிறார்கள். அன்று பெண்களுக்கு வந்ததில் முதலிடம் கர்ப்பப்பை வாய்க்கு, இன்று மார்பகத்துக்கு. ஆண்கள் கவனிக்க வேண்டியது வாயை. மூன்று வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை. பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை, உதட்டுக்குள் அதக்கும் பொட்டலம் எல்லாம் அதற்கு வழி. மலத்தில் ரத்தம் போனால் எல்லோரும் மூலம் என்றே முடிவு கட்டிவிடுகிறோம். நீடித்தால் அதையும் காட்டிவிட வேண்டும்.

"கத்தி பட்டால் பரவிடும்" என்று சதைப் பரிசோதனைக்குத் தடை சொல்கிற சொந்தக்காரர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். பரவுவது கத்தியால் அல்ல, காலதாமதத்தால். இது ஒட்டுவாரொட்டியும் அல்ல. தட்டைத் தனியாக வைக்க வேண்டாம், பேரப்பிள்ளையை மடியில் உட்காரவைக்கத் தடுக்கவும் வேண்டாம்.

அடுத்த வீட்டில் நோய் என்று தெரிந்துவிட்டால் நாம் செய்யக்கூடியது ஏராளம். பலர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு போய்ப் பார்த்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவதோடு சரி. கர்ப்பப்பை வாய்க்குக் கதிர்வீச்சு வைத்தியம் என்றால் வாரத்தில் ஐந்து நாள், ஐந்தாறு வாரம் போக வேண்டியிருக்கும். மண்ணிவாக்கத்திலிருந்தும் அகரம்தென்னிலிருந்தும் தினமும் ஒரு பெண் பஸ்ஸும் ரயிலும் மாறிப் போய் வர முடியுமா? பிள்ளைக்குச் சோறு யார் போடுவார்கள்? மாட்டை யார் பார்ப்பார்கள்? இரண்டு வாரம் போய்விட்டு, கொஞ்சம் தேவலை என்றதும் நிறுத்திவிடுவார்கள். நின்றுபோன வைத்தியம் செய்யாத வைத்தியத்துக்குச் சமானம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் பன்னிரண்டு பேர், பதினைந்து பேர் இருக்கிறீர்கள். ஆளுக்கு ஒரு நாள் துணைக்குப் போனால் யாருக்கும் சிரமம் தெரியாது. பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சோறு, பள்ளிக்கூடம் அனுப்புவது, இதெல்லாம் வைத்தியத்தில் சேர்ந்த காரியங்கள்தான். செலவுக்கு நிலத்தை அடகு வைக்குமுன் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அவர்கள் பேர் இருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். குடும்ப அட்டையையும் வருமானச் சான்றையும் எடுத்துக்கொண்டு அலையத் தெரிந்த ஒரு படித்த பிள்ளை தெருவுக்குத் தெரு இருக்கிறானே, அவனுக்கு இந்த வேலையைக் கொடுங்கள்.

நோய் முற்றி, இனிக் குணமாகாது என்ற நிலையிலும் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று நினைக்க வேண்டாம். வலியை அடக்க நல்ல மருந்து இருக்கிறது. மார்பின் மாத்திரை டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் மனிதர் நிம்மதியாகத் தூங்குவார், சொந்தங்களோடு பேசுவார். போதைக்கு அடிமையாகிவிடுவார் என்று மறுக்காதீர்கள். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து புண்ணைச் சுத்தம் செய்து, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கச் சொல்லித் தரும் நர்ஸ்கள் இருக்கிறார்கள். உங்கள் துணை சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

முகாமுக்கு வரும்போது இருவருமாக வாருங்கள். ஆண்கள் வெளியே புளியமரத்தடியில் நிற்க வேண்டாம், உள்ளே பெஞ்சு போட்டிருக்கிறது. உங்களுக்கும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, வாயையும் திறந்து பார்த்து அனுப்புவார்கள். போன வருஷம் வராத அக்கம்பக்கத்துப் பெண்களில் ஒருவரையாவது கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள். முடிவை எழுதிக் கொடுக்கும் சீட்டை அரிசி டப்பாவுக்கு அடியில் போட்டுவிடாமல், ரேஷன் கார்டு வைத்திருக்கும் பையிலேயே வையுங்கள். அதில் 'மறுபடி வர வேண்டும்' என்று எழுதியிருந்தால் அந்தத் தேதியைக் காலண்டரில் கணவன் கையால் வட்டம் போட்டு வையுங்கள்.